ஜாவாவில் கிளாசுக்குள் கிளாஸ்: ஐந்து வழிகளில் எதை எப்போது எடுப்பது?

ஒரு கிளாசை எழுதிக்கொண்டிருக்கும்போது, அதற்குத் துணையாக இன்னொரு சிறிய கிளாஸ் வேண்டியிருக்கிறது. அதை அதே கிளாசின் உள்ளே எழுதுவதா, தனிக் கோப்பில் எழுதுவதா? உள்ளே எழுதினால் ஸ்டேட்டிக் என்று குறிக்க வேண்டுமா? மெத்தடுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன? பெயரே வைக்காமல் விடலாமா, இல்லை ஒரு செயலை மட்டும் சுருக்கமாக எழுதும் லாம்டாவே போதுமா? இரண்டு மூன்று ஆண்டுகள் ஜாவாவில் வேலை பார்த்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வகையையும் எப்படி எழுதுவது என்று பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது. எழுதிய பிறகு அது என்ன கேட்கும் என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. ஜாவாவின் மொழி வரையறைப்படி, இன்னொரு கிளாசின் உடலுக்குள் அறிவிக்கப்படும் எந்தக் கிளாசும் நெஸ்டட் கிளாஸ்தான். அவற்றுள் ஸ்டேட்டிக் அல்லாதவற்றுக்கு மட்டுமே இன்னர் கிளாஸ் என்று பெயர். ஆகவே நேர்காணல்களில் அடிக்கடி காதில் விழும் ‘ஸ்டேட்டிக் இன்னர் கிளாஸ்’ என்ற தொடர், ‘உப்பில்லாத உப்புக்கண்டம்’ என்பது போன்றது. 1996-இல் வெளியான ஜாவா 1.0-வில் இவை எவையும் இல்லை. 1997-இல் வந்த 1.1 பதிப்பில், திரையில் நிகழும் சொடுக்குகளை லிஸனர்களிடம் ஒப்படைக்கும் புதிய முறையோடு சேர்ந்து இவையும் மொழிக்குள் வந்தன.

விளக்கத்துக்கு ஒரு மளிகைக் கடையின் பில்லை எடுத்துக்கொள்கிறேன். ‘பில்’ என்பது வெளிக் கிளாஸ். அதில் ஒவ்வொரு வரிசையிலும் வரும் பொருளின் பெயர், அளவு, விலை ஆகியவற்றைத் தாங்குவது ‘உருப்படி’ என்னும் உட்கிளாஸ். (‘வரி’ என்றே பெயர் வைத்திருப்பேன், ஆனால் பில்லில் அந்தச் சொல்லுக்கு ஜிஎஸ்டி என்றும் பொருள் வந்துவிடும்.) பெயர்களில் யூனிகோடு எழுத்துகளை ஜாவா அனுமதிப்பதால் இவற்றைத் தமிழிலேயே தட்டச்சு செய்தாலும் கம்பைலர் மறுக்காது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

உள்ளே இருப்பதற்கு ஒரு குறிப்பிட்ட வெளி ஆப்ஜெக்ட் தேவையா? மற்றெல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் எடை அதிகம். உருப்படி தன் தொகையைக் கணக்கிட, விலையையும் அளவையும் பெருக்கினால் போதும். தான் எந்தப் பில்லில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ‘பில்லில் உள்ள உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருபவர்’ என்றொரு கிளாஸ் இருந்தால், எந்தப் பில் என்று தெரியாமல் அதனால் ஓர் அடிகூட நகர முடியாது. கருத்தளவில் இரண்டும் ‘பில்லுக்கு உரியவை’ என்றாலும் முன்னது சொந்தம் மட்டுமே, பின்னது சார்பு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிவு முடிந்துவிடும்.

எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? உள் ஆப்ஜெக்ட் வெளி ஆப்ஜெக்டுக்கு முன்பே மறைந்துவிடுமா, அதைத் தாண்டியும் வேறோர் இடத்தில் தங்குமா என்பது அடுத்தது. நினைவகக் கசிவுகள் இங்கேதான் பிறக்கின்றன.

வேறு யார் கூப்பிடுவார்கள்? வெளிக் கிளாஸ் மட்டுமா, அதே பேக்கேஜில் உள்ளவர்களா, ஊர் முழுவதுமா? ஜேசன் நூலகம், சீரியலைசேஷன் (ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக்கிச் சேமிப்பது), ரிஃப்ளெக்‌ஷன் (ஓட்டத்தில் கிளாசின் உறுப்புகளைத் தேடிக் கையாளும் வசதி) போன்றவையும் கூப்பிடுபவர்கள்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

படிப்பவருக்கு என்ன தெரியும்? கிளாஸ் எத்தனை வரி நீளம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா, பிழை வந்தால் பதிவில் அதன் பெயர் புரியும்படி வருமா என்பவை இதில் அடங்கும்.

வேகம் என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. ஜாவா 10 வரை, நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்முக்கு நெஸ்டட் உறவு தெரியாது. உள்ளும் வெளியும் ஒன்றன் பிரைவேட் ஃபீல்டை மற்றொன்று தொடும்போதெல்லாம் கம்பைலர் ரகசியமாக ஓர் இடைமெத்தடைச் செய்து வைத்தது. 2018-இல் வந்த ஜாவா 11 அந்த உறவை ஜேவிஎம்முக்கே தெரியப்படுத்திவிட்டது; இடைமெத்தடுகளும் போயின. இன்று வேகத்தைக் காட்டி ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பழைய வாதத்தைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

## ஒரே பார்வையில்

| வகை | வெளி ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்குமா | யாரால் பயன்படுத்த முடியும் | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஸ்டேட்டிக் நெஸ்டட் | பிடிக்காது | பிரைவேட் முதல் பப்ளிக் வரை நம் விருப்பம் | பெயர் நீளும். வெளிக் கோப்பு பருக்கும் | கணுக்கள் (நோடு), பில்டர் (ஆப்ஜெக்டைப் படிப்படியாகக் கட்டும் துணைக் கிளாஸ்), உருப்படி போன்ற தரவு |
| இன்னர் | பிடிக்கும் | பிரைவேட் முதல் பப்ளிக் வரை நம் விருப்பம் | நினைவகக் கசிவு, சீரியலைசேஷன் சிக்கல், ஜெனரிக் அரே பிழை | இட்டரேட்டர் (ஒவ்வொன்றாக எடுத்துத் தருபவர்), வெளி ஆப்ஜெக்டின் உயிருள்ள பார்வைகள் |
| லோக்கல் | பெரும்பாலும் பிடிக்கும் | அந்த மெத்தட் மட்டும் | மெத்தட் நீளும். தனியாகச் சோதிக்க முடியாது | ஒரே மெத்தடின் இடைக்கணக்கு |
| அனானிமஸ் / லாம்டா | முன்னது பெரும்பாலும், பின்னது தேவைப்பட்டால் மட்டும் | எழுதிய இடம் மட்டும் | பதிவில் எண் மட்டுமே பெயர். ‘திஸ்’ குழப்பம் | ஒருமுறை ஒப்படைக்கும் சிறு செயல் |
| தனிக் கோப்பு | பிடிக்காது | பேக்கேஜ் அல்லது எல்லோரும் | பிரைவேட் ஃபீல்டுகளைத் திறந்துவிட நேரும் | தனக்கென வாழ்வு உள்ள கிளாஸ் |

## ஸ்டேட்டிக் நெஸ்டட் கிளாஸ்

இது நடைமுறையில் ஒரு சாதாரணக் கிளாஸ்தான்; வெளிக் கிளாசின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு, அதன் பிரைவேட் உறுப்புகளைத் தொடும் உரிமையோடு உள்ளே குடியிருக்கிறது. வெளி ஆப்ஜெக்ட் ஒன்றுகூட இல்லாமல் இதை உருவாக்கலாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஹேஷ்மேப்பின் ஒவ்வொரு சாவி–மதிப்பு இணையையும் தாங்கும் நோடு ஒரு ஸ்டேட்டிக் நெஸ்டட் கிளாஸ். லிங்க்டுலிஸ்ட்டின் நோடும் அப்படியே. இன்டிஜர் கிளாசுக்குள் -128 முதல் 127 வரையிலான எண்களை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சேமிப்பும் பிரைவேட் ஸ்டேட்டிக் கிளாசாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

லிங்க்டுலிஸ்ட்டின் நோடை அருகில் சென்று பார்த்தால் ஸ்டேட்டிக் என்ற ஒற்றைச் சொல்லின் விலை தெரியும். 64 பிட் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில், வழக்கமான சுருக்கச் சுட்டி அமைப்பில், ஆப்ஜெக்டின் தலைப்பகுதி 12 பைட், மதிப்பு, அடுத்தது, முந்தையது என்ற மூன்று சுட்டிகளுக்கு 4 வீதம் 12 பைட், ஆக 24. ஆப்ஜெக்டின் அளவு 8-இன் மடங்காக இருக்க வேண்டும், 24 அப்படியே பொருந்துகிறது. இதே நோடு இன்னர் கிளாசாக இருந்து வெளிப் பட்டியலையும் சுட்டிக்கொண்டிருந்தால் 28 ஆகி, 32-க்கு உயர்த்தப்படும். பத்து லட்சம் கணுக்கள் உள்ள பட்டியலில் ஏறத்தாழ 8 எம்பி, எந்தப் பயனும் இல்லாமல், எல்லாக் கணுக்களும் ஒரே பட்டியலைச் சுட்டிக் காட்டுவதற்காகவே செலவாகும். வேடிக்கை என்னவென்றால், ஹேஷ்மேப் நோடில் நான்கு ஃபீல்டுகள் இருப்பதால் அது 28 பைட்டாகி முன்பே 32-க்கு உயர்த்தப்பட்டுவிட்டது. அங்கே இன்னொரு சுட்டி சேர்ந்திருந்தாலும் அளவு கூடியிருக்காது. அளந்து பார்க்காமல் ‘நினைவகம் வீணாகும்’ என்று பொதுவாகச் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

நம் உருப்படிக்கும் இதுவே பொருத்தம். 2021-இல் ஜாவா 16-உடன் ரெக்கார்டு (தரவை மட்டும் தாங்கும் சுருக்கமான கிளாஸ்) நிலையான அம்சமாகிவிட்டதால், அதை ஒரே வரியில் ரெக்கார்டாக எழுதிவிடலாம். உள்ளே எழுதப்படும் ரெக்கார்டு, ஈனம் (enum), இன்டர்ஃபேஸ் ஆகியவை நாம் குறிப்பிடாவிட்டாலும் ஸ்டேட்டிக்தான். பணம் செலுத்தும் முறைகளான ரொக்கம், யூபிஐ, கார்டு ஆகிய மூன்றையும் ஒரு சீல்டு இன்டர்ஃபேசுக்குள் (யார் செயல்படுத்தலாம் என்று வரம்பிட்ட இன்டர்ஃபேஸ்) மூன்று ரெக்கார்டுகளாக வைப்பது ஜாவா 17-க்குப் பிறகு எனக்கு மிகவும் பிடித்துப்போன வடிவம். எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதால் அனுமதிப் பட்டியலைத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஜாவா 21-இன் சுவிட்சில் ஒரு முறையை விட்டுவிட்டால் கம்பைலரே நிறுத்திவிடும்.

இதற்கும் செலவு உண்டு. பில்டர், உருப்படி, தள்ளுபடி, முகவரி என்று ஒவ்வொன்றாக உள்ளே குடியேறி, ‘பில்’ கோப்பு ஆயிரம் வரியைத் தொட்டுவிடும். எல்லோருக்கும் எல்லோருடைய பிரைவேட் ஃபீல்டும் திறந்திருப்பதால், உறைபோட்டு மூடியது போலத் தோன்றும் கிளாசுக்குள் உண்மையில் ஒரு கூட்டுக்குடும்பமே கதவில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கும்.

## இன்னர் கிளாஸ்

ஸ்டேட்டிக் என்ற சொல்லை எழுத மறந்தால் கிடைப்பது இதுதான். ஜாவாவின் வடிவமைப்பில் எனக்கு மனத்தாங்கல் உள்ள இடமும் இதுவே: குறைவாகத் தேவைப்படும், செலவு கூடிய வகையைப் பெற ஒன்றும் எழுத வேண்டியதில்லை, அதிகம் தேவைப்படும் எளிய வகைக்குத்தான் கூடுதலாக ஒரு சொல் எழுத வேண்டும்.

இன்னர் கிளாசின் ஒவ்வோர் ஆப்ஜெக்டும் ஒரு வெளி ஆப்ஜெக்டோடு பிறக்கிறது. கம்பைலர் அதன் கன்ஸ்ட்ரக்டரில் மறைவாக ஒரு முதல் அளவுருவைச் சேர்த்து, வெளி ஆப்ஜெக்டை அதன் வழியே உள்ளே அனுப்பி, ‘திஸ்’ என்று தொடங்கும் பெயருள்ள ஒரு மறைஃபீல்டில் வைத்துவிடுகிறது. உள்ளிருந்து வெளிக் கிளாசின் ஃபீல்டைப் பெயர் சொல்லியே படிக்க முடிவது அதனால்தான்.

இந்தச் சார்பு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் இதற்கு மாற்று இல்லை. அரேலிஸ்ட்டின் இட்டரேட்டர் ஒரு பிரைவேட் இன்னர் கிளாஸ். தான் நிற்கும் இடத்தையும், கடைசியாகத் தந்ததன் இடத்தையும், பிறந்த நேரத்தில் பட்டியலின் மாற்ற எண்ணிக்கை என்னவாக இருந்தது என்பதையும் மட்டும் அது தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மற்றதையெல்லாம் வெளிப் பட்டியலிடமே கேட்கிறது. இடையில் யாராவது பட்டியலை மாற்றிவிட்டால் இரண்டு எண்களும் ஒத்துப்போகாமல் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் எழுகிறது. ஹேஷ்மேப்பில் இரண்டு வகையும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கின்றன: நோடு ஸ்டேட்டிக், சாவிகளின் தொகுதியாகத் திருப்பித் தரப்படும் கீசெட் இன்னர். கீசெட்டிலிருந்து ஒரு சாவியை நீக்கினால் மேப்பிலிருந்தும் அது போக வேண்டும் என்பதால் கீசெட்டுக்கு மேப் தெரிந்தே ஆக வேண்டும். நோடுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஜேயூனிட் 5-இல் சோதனைகளைக் குழுவாக அடுக்க ‘நெஸ்டட்’ குறிப்போடு எழுதும் கிளாஸ்களும் இன்னராகவே இருக்க வேண்டும். வெளிக் கிளாசில் ஒவ்வொரு சோதனைக்கும் முன் தயார்செய்தவற்றை அவை பயன்படுத்திக்கொள்வது அந்த மறைஃபீல்டு வழியாகத்தான்.

இனி அதன் செலவுகள். ஜாவா 8 காலத்தில் நான் எழுதிய ஒரு பில்லிங் நிரலில் உருப்படியை ஸ்டேட்டிக் போடாமல் எழுதியிருந்தேன். ஒவ்வொரு பில்லும் அச்சுக்கான பிடிஎஃப் பைட்டுகளைத் தன்னிடம் வைத்திருந்தது. விற்ற உருப்படிகளை மட்டும் ‘இன்றைய விற்பனை’ என்ற பட்டியலில் சேர்த்து, இரவு கணக்கு முடிக்கும்வரை வைத்திருந்தோம். காலையில் ஒழுங்காக ஓடிய நிரல் மாலைக் கூட்டத்தில் திணறி, நினைவகம் போதவில்லை என்று விழுந்தது. பட்டியலில் இருந்தவை சிறு உருப்படிகள்தாம். ஆனால் ஒவ்வோர் உருப்படியும் தன் பில்லைப் பிடித்திருந்தது, பில் தன் பிடிஎஃப்பைப் பிடித்திருந்தது. ஒரு பிடிஎஃப் 50 கிலோபைட் என்று வைத்துக்கொண்டாலும் 4000 பில்லுக்கு 200 எம்பி. கார்பேஜ் கலெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நினைவகத்தின் நகலான ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தபோது, உருப்படியின் ஃபீல்டுகளுக்கு நடுவே நான் எழுதாத ஒரு ஃபீல்டு இருந்தது. ஒரு சொல்லைச் சேர்த்ததும் பிரச்சினை போய்விட்டது.

ஆண்ட்ராய்டில் இதே குறை பலருக்கும் தெரிந்த வடிவில் வருகிறது. ஒரு திரையைத் தாங்கும் கிளாசான ஆக்டிவிட்டிக்குள், செய்திகளைக் கையாளும் ஹேண்ட்லரை இன்னர் அல்லது அனானிமஸ் கிளாசாக எழுதிச் சில நிமிடம் தாமதித்து ஒரு செய்தி அனுப்பினால், செய்தி வரிசை ஹேண்ட்லரையும் ஹேண்ட்லர் ஆக்டிவிட்டியையும் பிடித்துக்கொள்ளும். அதற்குள் பயனர் போனைத் திருப்பிப் புதிய ஆக்டிவிட்டி பிறந்துவிட்டாலும் பழையது திரையின் முழுப் பாரத்தோடு நினைவகத்தில் கிடக்கும். கோடைச் சோதிக்கும் ஆண்ட்ராய்டின் லின்ட் கருவி இதற்கெனவே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது.

ஜாவா 18 முதல், உள்ளிருந்து வெளி ஆப்ஜெக்டை எங்குமே தொடவில்லை என்றால் கம்பைலர் அந்த மறைஃபீல்டை விட்டுவிடுகிறது. இது நல்ல மாற்றம், ஆனால் அதை நம்பி ஸ்டேட்டிக்கை விட்டுவிடுவது சரியன்று. நாளை யாரோ ஒருவர் உருப்படிக்குள் ஒரு லாக் வரி சேர்த்து அதில் பில் எண்ணைக் குறிப்பிட்டால், சுட்டி மீண்டும் சத்தமின்றி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டேட்டிக் என்று எழுதியிருந்தால் அந்த வரி கம்பைல் ஆகாது. அவர் யோசித்தாக வேண்டும்.

மாணவர்கள் மணிக்கணக்கில் திண்டாடும் செலவு வேறொன்று. ஜெனரிக் கிளாஸ் ஒன்றுக்குள், எடுத்துக்காட்டாக அடுக்கு ஒன்றின் உள்ளே, கணுவை ஸ்டேட்டிக் இல்லாமல் எழுதிவிட்டு, பதினாறு கணுக்களுக்கு ஓர் அரே உருவாக்கினால், ‘ஜெனரிக் அரே கிரியேஷன்’ என்று கம்பைலர் மறுக்கும். எழுதிய வரியில் ஜெனரிக் குறி எதுவும் இருக்காது என்பதால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. இன்னர் கிளாஸ் தன் வெளிக் கிளாசின் வகை அளவுருவையும் சுமந்து வருவதுதான் காரணம். கணுவை அளவுரு இல்லாத ஸ்டேட்டிக் கிளாசாக்கினால் அந்தப் பிழை எழாது. கணுவுக்கே ஓர் அளவுரு தேவைப்பட்டால் ஜெனரிக் அரேக்கான வழக்கமான சுற்றுவழியைப் பின்பற்ற வேண்டியிருக்கும்.

சீரியலைசேஷன் செய்யும்போது வெளி ஆப்ஜெக்டும் கூடவே இழுக்கப்படும். அது சீரியலைசபிளாக இல்லாவிட்டால் ஓட்டத்தில் பிழை. ஜேசனிலிருந்து இன்னர் கிளாசை உருவாக்கச் சொன்னால், எந்த வெளி ஆப்ஜெக்டை வைத்து உருவாக்குவது என்று தெரியாமல் ஜாக்சன் நூலகம் மறுத்துவிடும். சோதனை எழுதுபவரோ ஓர் உருப்படிக்காக முழுப் பில்லைச் செய்ய வேண்டியிருக்கும்.

## லோக்கல் கிளாஸ்

மெத்தடின் உடலுக்குள் எழுதும் கிளாஸ். அந்த மெத்தடின் மாறிகளை இது படிக்கலாம், ஆனால் அவை மதிப்பு மாறாதவையாக இருக்க வேண்டும். ஜாவா 8-க்கு முன் ஃபைனல் என்றே எழுத வேண்டியிருந்தது. 2014-க்குப் பிறகு மாற்றாமல் இருந்தாலே போதும். மாறியின் நகலைத்தான் உள்ளே எடுத்துச் செல்கிறது என்பதே இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம்.

நான் இதைப் பல ஆண்டுகள் தொடவே இல்லை. ரெக்கார்டு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது: ஸ்ட்ரீமின் நடுவில் ‘பொருள் பெயர், மொத்தத் தொகை’ என்ற இணையை இரண்டு படிகளுக்கு மட்டும் வைத்திருக்க வேண்டுமென்றால், மெத்தடுக்குள் ஒரு லோக்கல் ரெக்கார்டு எழுதுவது மிக வசதி. அது ஸ்டேட்டிக் என்பதால் வெளி ஆப்ஜெக்டையும் பிடிக்காது, மெத்தடின் மாறிகளையும் பிடிக்காது. சாதாரண லோக்கல் கிளாசுக்கு இன்று இடம் குறைவு.

## அனானிமஸ் கிளாசும் லாம்டாவும்

ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேசுக்கு லாம்டாவே போதும். இதில் தயங்க ஒன்றுமில்லை. இரண்டு மெத்தடுகளை எழுத வேண்டியிருந்தாலோ, அப்ஸ்ட்ராக்ட் கிளாசை நீட்ட வேண்டியிருந்தாலோ, தனக்கென ஃபீல்டு தேவைப்பட்டாலோ அனானிமஸ் கிளாசுக்குப் போக வேண்டும். ஃபீல்டு தேவைப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்ட ஒன்றுக்குப் பெயர் வைத்துவிடுவதே மேல் என்பது என் பழக்கம்.

இரண்டுக்கும் இடையே வெளித்தோற்றத்தில் தெரியாத வேறுபாடுகள் உண்டு. அனானிமஸ் கிளாசுக்குள் ‘திஸ்’ என்றால் அந்தப் பெயரில்லாத ஆப்ஜெக்ட். லாம்டாவுக்குள் ‘திஸ்’ என்றால் சுற்றியுள்ள கிளாசின் ஆப்ஜெக்ட். ஐடிஈ சொல்கிறதே என்று ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது, லிஸனர் தன்னைத்தானே பதிவிலிருந்து நீக்கிக்கொள்ளும் வரி இருந்தால் நின்று பார்க்க வேண்டும். லாம்டா வெளி ஆப்ஜெக்டைத் தேவைப்பட்டால் மட்டுமே பிடிக்கும். ஆனால் வெளிக் கிளாசின் ஒரே ஒரு ஃபீல்டைப் படித்தாலும் அந்த ஃபீல்டை மட்டுமன்றி முழு ஆப்ஜெக்டையும் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாள் வாழும் லிஸனருக்கு, தேவையான மதிப்பை முதலில் ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டு அதை லாம்டாவுக்குள் பயன்படுத்துவது ஒரு வரிச் செலவில் கிடைக்கும் காப்பு.

அனானிமஸ் கிளாசுக்குக் கம்பைலர் வைக்கும் பெயர் வெளிக் கிளாசின் பெயரும் டாலர் குறியும் ஓர் எண்ணும்தான். பிழைப் பதிவில் ‘பில்$3’ என்று வந்தால், கோப்பைத் திறந்து மேலிருந்து எண்ண வேண்டும். இடையில் யாராவது மேலே இன்னொன்றைச் சேர்த்திருந்தால் நேற்றைய பதிவில் உள்ள மூன்றும் இன்றைய கோப்பில் உள்ள மூன்றும் வேறு வேறு. மாறிய கிளாஸ் கோப்பை மட்டும் சர்வரில் நகலெடுத்து வைக்கும் பழைய பழக்கம் உள்ள இடங்களில், டாலர் குறியுள்ள கோப்பை மறந்துவிட்டு ‘கிளாஸ் இல்லை’ என்ற பிழையில் இரவைக் கழிப்பதும் உண்டு. உள்ளிருக்கும் மெயின் மெத்தடை லினக்ஸ் டெர்மினலில் நேரடியாக இயக்குபவர்கள் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் இட வேண்டும். இல்லாவிட்டால் டாலருக்குப் பின்னால் உள்ளதை ஷெல் தன் மாறி என்று எண்ணி விழுங்கிவிடும்.

பட்டியலை உருவாக்கி அங்கேயே நிரப்ப இரட்டை அடைப்புக்குறி போடும் உத்தி ஒன்று உலவுகிறது. அது எழுதப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய அனானிமஸ் துணைக்கிளாசை உருவாக்குகிறது. ஜாவா 9-இலிருந்து ‘லிஸ்ட் ஆஃப்’ இருக்கும்போது இதை எழுத எந்தக் காரணமும் இல்லை.

## தனிக் கோப்பு

கிளாசுக்கு வெளியே பேக்கேஜ் அளவில் மட்டும் தெரியும்படி எழுதுவதும் ஒரு தேர்வுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உருப்படியைச் சரக்கிருப்பு நிரலும், அறிக்கை நிரலும், பண்டம் திரும்பப்பெறும் நிரலும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அது பில்லின் உறுப்பு அன்று. ஒவ்வோர் இடத்திலும் ‘பில்.உருப்படி’ என்று எழுதும்போது, பில்லோடு தொடர்பே இல்லாதவர்களும் பில்லைச் சார்ந்திருப்பது போல ஆகிவிடும். கோப்பு வரலாற்றில் உருப்படியின் மாற்றங்களும் பில்லின் மாற்றங்களும் கலந்துபோவதால், இருவர் ஒரே நாளில் திருத்தினால் மெர்ஜ் சண்டையும் வரும்.

வெளியே எடுத்தால் பில்லின் பிரைவேட் ஃபீல்டுகளைத் தொடும் உரிமை போய்விடும். அதற்காக அவற்றைத் திறந்துவிட வேண்டியிருந்தால், இன்னும் வெளியேறும் நேரம் வரவில்லை என்று பொருள். ஒரே கோப்பில் பப்ளிக் கிளாசுக்குக் கீழே இன்னொரு மேல்மட்டக் கிளாசை ஒட்டி எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மொழி அதை அனுமதிக்கிறது, ஆனால் வேறு கோப்பிலிருந்து அதைக் கூப்பிட்டால் எது முதலில் கம்பைல் ஆகிறது என்பதைப் பொறுத்து ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது.

## வேறு மொழியிலிருந்து வருபவர்களுக்கு

சி ஷார்ப்பிலும் சி++-இலும் நெஸ்டட் கிளாஸ் என்றாலே வெளி ஆப்ஜெக்டைப் பிடிக்காத வகைதான். தேவைப்பட்டால் கன்ஸ்ட்ரக்டரில் நாமே அனுப்ப வேண்டும். காட்லின் ஜாவாவின் தவற்றைத் திருத்திக்கொண்டது: சும்மா எழுதினால் பிடிக்காது, பிடிக்க வேண்டுமென்றால் ‘இன்னர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் காட்லினில் உட்கிளாசின் பிரைவேட் உறுப்பு வெளிக் கிளாசுக்குத் தெரியாது. ஜாவா கோப்பை மாற்றி எழுதுபவர்கள் இங்கே முட்டிக்கொள்வர். பைத்தானில் உட்கிளாஸ் என்பது வெளிக் கிளாசின் ஓர் அட்ரிபியூட், அவ்வளவுதான். வெளிக் கிளாசின் உடலில் உள்ள பெயர்களைக்கூட அது நேரடியாகப் பார்க்க முடியாது என்பதால், அங்கே தனியாக எழுதுவதே பெரும்பாலும் மேல்.

## ஏற்கெனவே எழுதிவிட்ட கோடை என்ன செய்வது

புதிதாக எழுதும்போது ஸ்டேட்டிக்கிலிருந்து தொடங்குவது என் பரிந்துரை என்பது இதற்குள் புரிந்திருக்கும். பழைய கோடில் உள்ள இன்னர் கிளாசுக்கும் அதே சோதனையைச் செய்யலாம். ஸ்டேட்டிக் என்ற சொல்லைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். வெளி ஆப்ஜெக்டைத் தொடும் ஒவ்வொரு வரியையும் கம்பைலர் சிவப்பில் காட்டும். ஒன்றுமே இல்லையென்றால் அது இன்னராக இருந்ததே மறதியால்தான். ஒன்றிரண்டு வரிகள் என்றால், அவை கேட்கும் மதிப்புகளை, பில் எண்ணோ தேதியோ, கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்துவிடலாம். திரை முழுவதும் சிவந்துவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். அது உண்மையான இன்னர் கிளாஸ், இட்டரேட்டரின் இனம்.

மாற்றியபின் வெளி ஆப்ஜெக்ட் வழியாக அதை உருவாக்கிய இடங்களையெல்லாம் திருத்த வேண்டும். இதையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். அது காட்டாத இடங்கள் இரண்டு. ரிஃப்ளெக்‌ஷன் வழியே கன்ஸ்ட்ரக்டரைத் தேடும் கோடு, முதல் அளவுருவாக வெளிக் கிளாசை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தால் ஓட்டத்தில்தான் உடையும். சீரியலைஸ் செய்து வட்டில் வைத்த பழைய கோப்புகள் இருந்து, கிளாசில் சீரியல் வெர்ஷன் எண்ணை நாமே எழுதி வைக்கவில்லையென்றால், கம்பைலர் சேர்த்த மறைஃபீல்டு போனதும் தானாகக் கணக்கிடப்படும் எண்ணும் மாறி, அந்தக் கோப்புகள் திறக்காமல் போகும். அப்படிப்பட்ட கோப்புகள் எங்காவது இருக்கின்றனவா என்று கேட்டறிந்த பிறகு அந்த ஒரு சொல்லைக் கமிட் செய்யுங்கள்.